அடுத்த ராசா ஆர்?

இங்கிலாந்து மகாராணிக்குப் பிறகு முடி யாருக்கு என்று, பலேர்மோவில் ஒரு மூன்றாம் மாடிக் குசினியில், நாங்கள் இரண்டு பெண்கள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்தோம். மகாராணிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் வந்து விலக்குப் பிடித்திருக்க மாட்டார். அந்த நாட்களில் அவருடைய வீட்டிலேயே விலக்குப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

சண்டைக்காரிகளில் ஒருத்தி நான். யாழ்ப்பாணத்தாள், அப்போது முப்பத்திரண்டு வயது, மூக்குக்கு மேல் கோபம். மற்றவர் நான் வேலை செய்த வீட்டு அம்மா, இத்தாலியனில் சிஞ்ஞோரா. எழுபது தாண்டிய பழைய பள்ளிக்கூட ரீச்சர். கணவர் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல், சீசா என்ற பகுதியில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தார். நான் அவருடைய குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் படுத்தெழும்பி, சமைத்து, துடைத்து, அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சண்டை எனக்கு விளையாட்டு இல்லை. கொழும்பில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த என் பிள்ளையை இங்கே கூப்பிட வேண்டும். இரண்டு வயதில் விட்டு வந்தது, இப்போது ஆறு நடந்தது. பெர்மெசோ, அதுதான் இங்கே இருக்க விடுகிற காகிதம், அது கையில் வந்துவிட்டது. சம்பளக் காகிதமும் இருந்தது. பிள்ளையின் தகப்பன் சம்மதக் கையெழுத்தைப் பாரிசிலிருந்து உடனே அனுப்பியிருந்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் கெதியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். இல்லாதது ஒன்றே ஒன்று. பிள்ளை வந்தால் என்னோடு தன் வீட்டிலேயே தங்கலாம் என்று வீட்டுக்காரி எழுதித் தரும் கடிதம். அந்த வீட்டுக்காரியோடுதான் எனக்குச் சண்டை.

இனி வருகிற இடங்களில் சிஞ்ஞோரா கதைத்த இத்தாலியனை என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன். அவர் கோபிக்க மாட்டார். என் இத்தாலியனை அவர் எத்தனை நாள் சகித்தவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் விறாந்தையில் இருந்த தொலைபேசியில் கொழும்புக்குக் கதைக்க விடுவார். ஆனால் பாஸ்தா அவிக்க நேரம் பார்க்கும் மணியை ஐந்து நிமிடத்துக்கு முறுக்கி, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அது கிர்ரென்று அடித்தால் வைத்துவிட வேண்டும். தக்காளிப்பழ வடிவத்தில் சிவப்பாக ஒரு மணி. அதை எத்தனை தரம் யன்னலுக்கு வெளியே வீசி எறிய நினைத்திருப்பேன்! ஐந்து நிமிடத்தில் முதல் நிமிடம் அக்காவின் முறைப்பாட்டுக்குப் போய்விடும். மிச்சம் நாலு நிமிடமும் நான் பிள்ளையிடம் உருப்படியாக ஒன்றும் கேட்டதில்லை. "என்ர ராசா, சாப்பிட்டியோ ராசா? பெரியம்மா சொல்லுறதைக் கேட்டு நட ராசா. என்ர ராசாவெல்லோ?" இவ்வளவுதான். பிறகு மணி அடித்துவிடும்.

"ஞாயிறு ஞாயிறு ஆரைப் பார்த்து மொட்டை, மொட்டை எண்டு கத்துறாய்?" என்று ஒருநாள் சிஞ்ஞோரா கேட்டார்.

அவர்களுடைய பாஷையில் 'ராசா' என்றால் சிரைத்தவள் என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ராசா எண்டால் ரே, சிஞ்ஞோரா. கிரீடம் வைக்கிற ரே. என்ர பிள்ளையை அப்பிடித்தான் கூப்பிடுவன்" என்றேன். என் கட்டில் தலைமாட்டில் இருந்த படத்தையும் எடுத்துக் காட்டினேன். நேர்த்திக்கு முடி இறக்கிய மறுநாள் எடுத்த படம். பிள்ளைக்குப் பளபளவென்று மொட்டை.

"அப்ப ரெண்டும் சரிதான். மொட்டை ராசா" என்றார்.

எல்லா வில்லங்கமும் தொடங்கியது அந்த இடத்தில்தான். எனக்கு அப்போது தெரியவில்லை.

சிஞ்ஞோராவுக்கு ராச குடும்பங்களில் அப்படி ஒரு பைத்தியம். அதற்குக் காரணமும் இருந்தது. போர் முடிந்த கையோடு இத்தாலியில், நாட்டுக்கு ராசா வேணுமா வேண்டாமா என்று சனத்திடம் வோட்டுக் கேட்டிருக்கிறார்கள். பெண்களும் போட்ட வோட்டு. சிஞ்ஞோராவுக்கு இருபத்தொரு வயது. புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போய், ராசா வேணும் என்று போட்டிருக்கிறார். தோற்றுவிட்டது. ராசாவைப் பெட்டி படுக்கையோடு அனுப்பிவிட்டார்கள். தோற்றுப்போன அந்த வோட்டை ஐம்பது வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தார் மனுசி. சொந்த ராசா இல்லாத குறைக்கு இங்கிலாந்து ராச குடும்பத்தை இரவல் வாங்கி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை படப் பத்திரிகை வரும். கீழ்வீட்டுக் காவல்காரன் கொண்டுவந்து தருவான். அதைக் குசினி மேசையில் விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் கத்தரிக்காய் வெட்ட வெட்ட வாசிப்பார். அப்போது அந்த ராச வீட்டு மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்துப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவனுக்கு வேறு ஒரு பெண்ணோடு பழைய தொடர்பு என்று ஊர் உலகம் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவன் நாளைக்கு ராசாவாகலாமோ, இல்லாவிட்டால் அவனைத் தாண்டி அவன் பெற்ற பிள்ளைக்கு முடியைக் கொடுப்பதோ என்பதுதான் கேள்வி.

சிஞ்ஞோராவுக்குக் கேள்வியே கிடையாது. "மூத்தவன் மூத்தவன்தான். முடி என்ன பள்ளிக்கூடப் பரிசோ, நல்ல பிள்ளையாப் பார்த்துக் குடுக்க? வரிசையிலை நிக்கிறான், வரிசை வந்தால் அவன்தான்."

எனக்குப் பத்தி எரியும். ஏனென்று சொல்கிறேன். என் கணவர் முதலில் பாரிசுக்குப் போனார். போய் ஆறு மாதத்தில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டார்தான், என்னை இல்லை. அங்கே இன்னொருத்தி, அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை. இதை நான் சிஞ்ஞோராவிடம் சொல்லவில்லை. "புருசன் பாரிசில வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லை, வேலைதான் செய்தார். அந்த மூத்த மகனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாரிஸ்காரரின் முகம்தான் தெரிந்தது. காது மட்டும் வேறு.

அடுத்த கட்டடத்தில் வேலை செய்த மன்னார் அக்காதான் எனக்கு அங்கே ஒரே ஆறுதல். வேதக்கார மனுசி, வாரம் தவறாமல் பூசைக்குப் போவா. நான் சைவம், என்றாலும் கோயில் வாசலில் நின்று கதைக்க எந்தச் சமயமும் தடை இல்லை. அவவிடம் போய்க் கொட்டினேன்.

"எடி விசரி, உனக்கும் உவையளுக்கும் என்ன? கடிதம் கைக்கு வருமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. அவ மூத்தவன் எண்டால் நீயும் மூத்தவன் எண்டு சொல்லு" என்றா.

"உங்களுக்கு ஆர் ராசாவா வரவேணும் அக்கா?"

"எனக்கு அந்த மாமிக்காரியைத்தான் பாவமாக் கிடக்கு. எத்தினை வருசம் ஒழுங்கா வேலைக்குப் போற மனுசி! ஒருநாள் லீவு எடுத்ததாக் கேள்விப்பட்டியோ? அவவே இருக்கட்டும்."

பல்லரோச் சந்தையில் மிளகாய்த்தூளும் பருப்பும் விற்ற கடைக்கார அண்ணையிடம் கேட்டால் வேறு கதை. ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். தராசில் கை வைத்தபடி பேச்சு மேடையில் நிற்கிற மாதிரித்தான் கதைப்பார். "பிள்ளை, உந்தக் குடும்பம் எங்கட நாட்டை ஒழுங்காப் பாகம் பிரிச்சுக் குடுத்திட்டுப் போயிருந்தால் நானும் நீயும் இஞ்சை ஏன் நிக்கிறம்? மற்றவன்ர வளவைப் பிரிக்கத் தெரியாமப் போனவை, இப்ப தங்கட வீட்டையே பிரிக்கினம். ஆர் ராசாவா வந்தால் எனக்கென்ன? உனக்கு உளுந்து எவ்வளவு?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, உளுந்தின் நிறையில்தான் எனக்கு எப்போதும் சந்தேகம்.

மன்னார் அக்கா சொன்னபடியே செய்தேன். அடுத்த வியாழக்கிழமை சிஞ்ஞோரா பத்திரிகையை விரித்து, "நீ சொல்லு. உங்கட நாட்டை ஆண்டவையெல்லோ, உனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்குமே. தகப்பனோ மகனோ?" என்று கேட்டார்.

"தகப்பன்தான் சிஞ்ஞோரா. வரிசை எண்டால் வரிசைதான்" என்றேன். சொல்லும்போது கத்தரிக்காயைக் கொஞ்சம் பலமாகத்தான் வெட்டினேன்.

மனுசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரமே மை ஊற்றும் பேனையை எடுத்து, ரீச்சர் எழுத்தில், வளைவும் நெளிவுமாக அந்தக் கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சினேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைக்காக மனதுக்கு விரோதமாக ஒரு ராசாவை ஆதரித்துவிட்டேனே என்று ஒரு மாதிரி. போகட்டும், இங்கிலாந்து என் வாக்கையா பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மறு வியாழக்கிழமை வந்த பத்திரிகையில் ஒரு கூப்பன். வெட்டி அனுப்புங்கள், அடுத்து முடி யாருக்கு என்று வாசகர்கள் தீர்மானிக்கட்டும் என்று போட்டிருந்தார்கள். இங்கிலாந்து ராசாவை இத்தாலியில் இருந்து தீர்மானிக்கிறார்கள், அதுவும் தங்கள் ராசாவைத் துரத்திவிட்டு! சிஞ்ஞோராவுக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. காவல்காரனை அனுப்பி இன்னொரு பத்திரிகை வாங்குவித்து, எனக்கும் ஒரு கூப்பன் வெட்டித் தந்தார். மூன்று பெட்டி. தகப்பன், மகன், ஒருவரும் வேண்டாம்.

என் வாழ்க்கையில் நான் அதுவரை வோட்டுப் போட்டதில்லை. ஊரில் எனக்கு வயது வந்த காலத்தில் வோட்டுப் போடப் போகிறவளையும் போகாதவளையும் ஒரே மாதிரித்தான் வெருட்டினார்கள். இப்போது முதல்முதலாக என் கையில் ஒரு பேனை, முன்னால் ஒரு பெட்டி. சிஞ்ஞோரா வேறு, "வோட்டு இரகசியம், நான் பார்க்கமாட்டன்" என்று யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பாரிஸ்காரரின் முகம் வந்தது. 'மகன்' என்ற பெட்டியில், காகிதம் கிழியுமாப் போல, ஒரு புள்ளடி போட்டேன். மடித்துக் கொடுத்தேன்.

இரகசியமாவது மண்ணாவது! உறையில் போடுகிற சாட்டில் விரித்துப் பார்த்துவிட்டார். ரீச்சர்மாருக்குத் திருத்தாமல் ஒரு தாளை அனுப்ப முடியுமா?

"போன கிழமை தகப்பன் எண்டாய்."

நான் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"போன கிழமை எனக்குக் கடிதம் எழுத இருந்தது. இந்தக் கிழமை கடிதம் உன்ர கையில இருக்கு. அதுதானே?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். எண்ணெய் பூசினால் காலை நீட்டினார். ஒரு சொல் இல்லை. ஏசினால் திருப்பி ஏசிவிட்டுப் போகலாம். பேசாமல் இருப்பவரை என்ன செய்வது? இரண்டு கூப்பனும் உறைக்குள் போகாமல் சீனிப் போத்தலுக்கடியில் கிடந்தன.

சரி, கடிதம்தான் கிடைத்துவிட்டதே என்று எல்லாக் காகிதத்தையும் கட்டிக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். வெளிநாட்டுக்காரரின் காகிதம் பார்க்கும் பொலிஸ் கந்தோர். விடியவே போய் வரிசையில் நின்று, மத்தியானம் ஆகும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிஞ்ஞோராவின் கடிதத்தில் வந்து நின்றார். பேனையால் ஒரு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இதிலை ஃபிலியோ எண்டு கிடக்கு, மகன். பாஸ்போட்டில பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரோ வருகினம்?"

என் பிள்ளை மகள்.

ஃபிலியா என்று கடைசியில் 'ஆ' வர வேண்டிய இடத்தில் சிஞ்ஞோரா வடிவாக ஒரு 'ஓ' போட்டிருந்தார். எப்படிப் போடாமல் இருப்பார்? என் இத்தாலியனில் ஆண் பெண் என்ற வித்தியாசம் கிடையாது. மேசையோ மாடோ மனுசியோ, எல்லாவற்றுக்கும் 'ஓ' போட்டே நாலு வருடம் ஓட்டிவிட்டேன். பிள்ளையையும் பம்பீனா என்னாமல் பம்பீனோ, பம்பீனோ என்றுதான் சொல்லி வந்தேன். படத்தில் மொட்டை. போதாததற்கு ராசா. நாங்கள் பெண் பிள்ளையையும் ராசா என்றுதான் கொஞ்சுவோம் என்பது பலேர்மோவில் ரீச்சராக இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

"வேறை கடிதம் கொண்டு வா. மற்றக் காகிதங்கள் இந்த மாதத்தோடை காலாவதி" என்று சொல்லி அந்த மனிதர் முழுவதையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறினால் அழுதுவிடுவேன் என்று பயம். காலாவதியானால் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும், கொழும்பில் அக்கா திரும்ப அலைய வேண்டும், பாரிஸ்காரரிடம் திரும்பக் கேட்க வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு ஏழு போய் எட்டு வந்துவிடும். கடிதம் திருத்தித் தர வேண்டியவரோ என்னோடு பேசுவதில்லை. ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்துக்கு நான் அவருடைய காலில் விழ வேண்டும்.

சிஞ்ஞோரா குசினி மேசையில் இருந்து மந்தரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சியாகுல்லிப் பக்கத்துப் பழம், மற்றதெல்லாம் முடிந்த பிறகு பிந்தி வருவது. அவருக்கு அதில் உயிர். கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். வட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அவருடைய எழுத்தில் ஒருவர் பிழை பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"பெட்டையோ?" நாலு நாளைக்குப் பிறகு வந்த முதல் சொல்.

"ஓம் சிஞ்ஞோரா. மகள்."

"ரே எண்டாய்!"

"ரே எண்டுதான் கூப்பிடுறது."

"ரே ஆம்பிளை. பொம்பிளை எண்டால் ரெஜீனா. உங்கட பாஷையில ராணிக்குச் சொல் இல்லையோ?"

"இருக்கு. ராசாத்தி எண்டும் சொல்லுவம். ஆனால் ராசாத்தி எண்டு இழுத்துச் சொன்னால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துபோட்டுது எண்டு அர்த்தம். சும்மா ஆசைக்கு ராசாதான்."

"அப்ப ஆம்பிளைப் பிள்ளையை?"

"அதையும் ராசா எண்டுதான்."

சிஞ்ஞோரா ஒரு பழச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ரீச்சர் மூளை, இலக்கணம் பிழைத்தால் தாங்காது. "இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லையே. வேறை என்ன சொல்லாமல் வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

வாய் நிற்கவில்லை. எல்லாம் கொட்டிவிட்டேன். பாரிஸ், அந்தப் பெண், அந்தப் பிள்ளை. ஓ எங்கே ஆ எங்கே என்று பாராமல், இருந்த இத்தாலியன் முழுவதையும் பாவித்தேன். "நான் உங்களுக்குப் பொய் சொன்னது உண்மை. கடிதத்துக்காகச் சொன்னன். பிள்ளைக்காக இன்னும் நூறு பொய் சொல்லுவன். ஆனால் வோட்டை மாத்தச் சொல்லாதேங்கோ. கட்டினவளை விட்டிட்டு இன்னொருத்தியோடை போனவனுக்கு நான் ஒரு கூப்பனிலையும் முடி வைக்கமாட்டன். நாளைக்கு அந்தப் பாரிஸ்காரன் வந்து, வரிசைப்படி வீட்டுத் தலைவன் நான்தான் எண்டால், இந்தக் கதிரையில இருக்க விடுவியளோ?"

நல்லாகச் சத்தம் போட்டுவிட்டேன். மேல்வீட்டில் கதவு திறந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கடிதமும் போச்சு, வேலையும் போச்சு, பிள்ளையும் போச்சு என்று நினைத்தபடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணியைக் குடி" என்றார் சிஞ்ஞோரா.

குடித்தேன்.

"நீ தகப்பன் பக்கம் எண்டதுக்கோ நான் கடிதம் எழுதினனான்? உனக்கு விசரோ? நீ முதல் நாளே மகன் எண்டு சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பன். எனக்கு இந்த வீட்டிலை சண்டை பிடிக்க ஒரு ஆள் வேணும். தலையாட்டிறதுதான் வேணுமெண்டால் ஒரு ஆட்டை வாங்கி வளர்த்திருப்பன்."

பேனையை எடுத்துவரச் சொன்னார். பழைய 'ஓ'வுக்கு ஒரு வால் போட்டால் 'ஆ' ஆகிவிடும் என்று நான் காட்டிக் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வெட்டித் திருத்திய காகிதத்தில் கையெழுத்து வைக்க மாட்டாராம். புதுத் தாளில் முதலில் இருந்து எழுதினார். மகள் என்ற சொல் வந்த இடத்தில் பேனையை நிறுத்தி, கடைசி எழுத்தை எனக்குக் காட்டி, "சரியோ, ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே எழுதினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கூப்பன் இரண்டையும் அன்றைக்கே ஒரே உறையில் போட்டு அனுப்பினோம். அவர் தகப்பனுக்கு, நான் மகனுக்கு. "ரெண்டும் ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும், முத்திரை வீண்" என்று மன்னார் அக்கா சிரித்தா. முடிவு எந்த வியாழக்கிழமை வந்தது, யார் வென்றார்கள் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரம் நான் வேறு ஒரு முடிவுக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் அந்த விவாகரத்துத் தீர்ந்தது. சிஞ்ஞோரா இரண்டு நாள் பத்திரிகையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்து வாசித்துவிட்டு, "இப்பவும் வரிசையிலை அவன்தான் நிக்கிறான்" என்றார். "நிக்கட்டும், கால் உளையட்டும்" என்றேன். அந்தக் கிழமைதான் விசா கிடைத்துவிட்டது என்று அக்காவிடமிருந்து செய்தி வந்தது.

விமான நிலையத்துக்குச் சிஞ்ஞோராவும் வந்தார். முழங்காலையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, வோட்டுப் போடப் போன நாளைப்போலப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு. "ராசா வரேக்கை வரவேற்க ஆக்கள் நிக்க வேணும்" என்றார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு தெரிந்த பெண்ணோடு பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். ரோமாபுரியில் மாறி வந்த விமானம். கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தாள். இரட்டைப் பின்னல். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! நான் மொட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன் போல. அவளுடைய கையில் என் படம் இருந்தது. இடுப்புவரை பின்னலும் சேலையுமாக ஊரில் எடுத்த படம். நானோ வேலைக்கு வசதி என்று முடியைக் கழுத்தோடு வெட்டி, காற்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"இவ இல்லை" என்று அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

ஊர் உலகத்துக்கெல்லாம் வாய் காட்டுகிறவள், அந்த இடத்தில் ஒரு சொல் வராமல் நின்றேன். நாலு வருடம் ஞாயிறு ஞாயிறாகச் சேர்த்து வைத்த கதை எல்லாம் மறந்துபோனது.

எனக்குப் பின்னால் சிஞ்ஞோரா தன் ரீச்சர் குரலில், பள்ளிக்கூட முற்றம் முழுக்கக் கேட்குமாப் போல, ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கூப்பிட்டார்.

"ராஸா!"

பிள்ளை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சொல்தான், ஆனால் ஆள் பிழை. முகத்தைச் சுழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

"என்ர ராசா" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தொலைபேசி பிடிக்கிற மாதிரி ஒரு கையைக் காதில் வைத்தாள். "இன்னும் சொல்லுங்கோ."

"என்ர ராசா. சாப்பிட்டியோ ராசா? பிளேனில பயந்தியோ? அம்மா ராசா, அம்மா." நான் முழங்காலில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. கண்ணை மூடியபடியே அவள் கிட்டக் கிட்ட வந்தாள், என் கழுத்தில் முகத்தை வைத்தாள். நான் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே நின்றாள். ஆட்கள் பெட்டிகளோடு எங்களைச் சுற்றிப் போனார்கள்.

கனநேரத்துக்குப் பிறகு தலையைத் தூக்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெல்லமாக என் காதுக்குள் கேட்டாள்.

"அம்மா, மணி அடிக்கேல்லையோ?"

"என்ன சொல்லுறா ராஸா?" என்று சிஞ்ஞோரா கேட்டார். தக்காளி மணியை முறுக்குவது போலக் கையால் காட்டி, "கிர்ர்" என்று மட்டும் சத்தம் போட்டேன். மனுசிக்கு விளங்கிவிட்டது. புதுச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.